மீதியைப் புத்தகத்தில் காண்க

சுஜாதாவின் இயந்திர நாயான ஜீனோவின் ரசிகர்களில் இரண்டு வகை உண்டு. எண்பதுகளின் நடுவில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்தபோதே வாராவாரம் படித்துவிட்டவர்கள் ஒரு வகை. இவர்களுக்கு இன்றுவரை அதில் ஒரு மிதப்பு உண்டு. பிற்பாடு தூர்தர்ஷனில் அது சீரியலாக வந்தபோதுதான் அந்த இயந்திர நாயை முதன்முதலாகப் பார்த்து, இது யார் எழுதிய கதை என்று விசாரித்து, புத்தகத்தைத் தேடிக் கிளம்பியவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்காரர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இந்தப் பதிவு இரண்டாவது வகைக்காரர்களைப் பற்றியது. திரையில் பார்த்ததைக் காகிதத்தில் படிக்க ஆசைப்படுகிறவர்கள் இவர்கள்.

இந்த ஆசை உலகம் முழுக்க இருக்கிறது. ஸ்டார் ட்ரெக், டாக்டர் ஹூ போன்ற அறிவியல் புனைகதைத் தொடர்களுக்கு ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கில் நாவல்கள் உண்டு. தொடர் ஓடும்போதே ஒரு பக்கம் புத்தகம் வந்துகொண்டிருக்கும். தொடர் நின்றுபோனாலும் புத்தகம் நிற்காது. தமிழில் கதை வேறு. இங்கே முதலில் பத்திரிகை, பிறகுதான் திரை. அந்தத் தலைகீழ் வரிசையால் நமக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

நம் பக்கத்துக் கதையை இங்கிருந்து தொடங்கலாம்: திருச்சி ஜங்ஷனுக்குத் தெற்கே இருக்கிறது எடமலைப்பட்டி புதூர். ஊர்க்காரர்கள் எ.புதூர் என்பார்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டாலும் அதன் அலைவரிசை முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்சிக்கு எட்டவில்லை. இலங்கையின் ரூபவாஹினி 1982இல் வந்த பிறகு, பூஸ்டர் வைத்து ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள் டெல்டா முழுக்க இருந்தார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் மத்திய, தென் மாவட்டங்களின் சாலிடேர், டயனோரா பெட்டிகளில் தமிழ் நிகழ்ச்சிகள் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் பெட்டிகளுக்குள்தான் ஜீனோ வந்து சேர்ந்தது. ஆனந்த்பாபுவும் சிவரஞ்சனியும் நடித்தார்கள்.

கதை தெரியாதவர்களுக்கு: அப்போது எதிர்காலமாக இருந்து, இப்போது நமக்கு நிகழ்காலமாகிவிட்ட 2020களில் நடக்கும் கதை அது. நாட்டை ஜீவா என்றொரு சர்வாதிகாரி ஆள்கிறார். குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான். பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும் நிலா என்ற பெண்ணின் கணவன் சிபி திடீரென்று காணாமல் போகிறான். அவள் வீட்டில் ரவி என்பவன் வந்து குடியேறுகிறான். கூடவே ஒரு இயந்திர நாய். அதுதான் ஜீனோ. பேசும், பாடும், கிண்டல் பண்ணும், புத்தகம் படிக்கும். கதை போகப்போக மனிதர்களைவிட அதற்குத்தான் அதிகம் யோசிக்கத் தெரிகிறது.

(படிக்காதவர்கள் இந்த ஒரு பத்தியைத் தாண்டிவிடலாம்.) ஜீவா என்று யாரும் இல்லை, மக்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தது ஒரு ஹோலோகிராம் பிம்பத்தை என்பது கதையின் பெரிய திருப்பம். நிலாவை அரசியாக்கிவிட்டு, அதிகாரத்தை ரவியும் அவன் கூட்டாளி மனோவும் தங்கள் கையில் வைத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து தொடங்குகிறது இரண்டாம் நாவலான ‘மீண்டும் ஜீனோ’.

சீரியல் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் போனவர்களுக்குக் கிடைத்த முதல் ஆச்சரியம் நகரம்தான். தூர்தர்ஷன் கொடுக்கிற பட்ஜெட்டில் எதிர்கால நகரத்தைக் கட்ட முடியாது. நாலு சுவர், கொஞ்சம் வண்ண விளக்கு, ஒரு கம்ப்யூட்டர் திரை என்று சமாளிக்க வேண்டியதுதான். சுஜாதாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரு வாக்கியத்தில் நகரத்தையே எழுப்பிவிட்டு அடுத்த வாக்கியத்தில் அதற்குள் ஆளை ஓடவிடுவார். இரண்டாவது ஆச்சரியம், ஜீனோவின் மனசு. கேமரா ஒரு நாயைக் காட்டலாம், அதற்கு யாராவது குரல் கொடுக்கலாம். அது தன்னைப் பற்றித் தானே யோசித்துக் குழம்புவதைக் காட்ட எழுத்துதான் வேண்டும். மூன்றாவது, நாவலுக்குப் பிறகு இன்னொரு நாவல் இருந்தது. சீரியல் முடிந்த துக்கத்துக்கு மருந்து அலமாரியில் தயாராக இருந்தது.

திருச்சிக்காரர்களுக்கு இதில் கூடுதல் உரிமை வேறு. எஸ். ரங்கராஜன் என்கிற சுஜாதா 1935இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தாலும், பாட்டி வீட்டில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். அங்கே ஆண்கள் உயர்நிலைப் பள்ளி, பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல், அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. முதல் கதை அச்சேறியதும் திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ‘சிவாஜி’ பத்திரிகையில், 1953இல். ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ படித்தவர்களுக்கு ரங்கு கடை எங்கே என்று தேடத் தோன்றும். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் 1ஆம் நம்பர் பஸ் ஏறி, மெயின்கார்டு கேட், சத்திரம், காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறங்கினால் அவர் விளையாடிய வீதிகள். ஹோலோகிராம் சர்வாதிகாரியும் ரோபோ நாயும் அந்தச் சித்திரை வீதிகளில் வளர்ந்த ஒரு மூளையிலிருந்து வந்தவை என்பதில் இந்த ஊர் வாசகர்களுக்கு ரகசியப் பெருமை உண்டு.

சரி, கடல் கடந்து போவோம். அங்கே இந்த விவகாரம் எப்படி நடந்தது?

ஸ்டார் ட்ரெக் 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. நாலே மாதத்தில், 1967 ஜனவரியில், பாண்டம் நிறுவனம் அதன் முதல் புத்தகத்தை வெளியிட்டுவிட்டது. எழுதியவர் ஜேம்ஸ் ப்ளிஷ். அவர் ஏற்கெனவே பெயர் வாங்கிய அறிவியல் புனைகதை எழுத்தாளர். ஸ்டுடியோ அனுப்பிய திரைக்கதைப் பிரதிகளை வைத்து ஒவ்வொரு எபிசோடையும் சிறுகதையாக மாற்றினார். கைக்கு வந்தவை பல சமயம் முந்தைய வரைவுகள். படப்பிடிப்பில் மாறிய வசனமும் முடிவும் அவற்றில் இருக்காது. அதனால் டி.வி.யில் பார்த்தது ஒன்று, புத்தகத்தில் படித்தது வேறொன்று என்று ரசிகர்கள் குழம்பினார்கள். குழப்பத்திலேயே ஒரு விளையாட்டும் பிறந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பட்டியல் போடுவது, எது சரி என்று கடிதத்தில் சண்டை போடுவது என்று அது வளர்ந்தது.

மூன்று சீசன், 79 எபிசோடு. 1969இல் தொடரை நிறுத்திவிட்டார்கள். ப்ளிஷ் நிறுத்தவில்லை. 1970இல் ‘ஸ்பாக் மஸ்ட் டை!’ என்று எந்த எபிசோடிலும் இல்லாத புதுக்கதையை நாவலாக எழுதினார். 1975இல் அவர் இறந்தபோது எபிசோடுக் கதைகளின் பன்னிரண்டாம் தொகுதி பாதியில் நின்றது. அதை அவர் மனைவி ஜே.ஏ. லாரன்ஸ் முடித்தார். தொடர் நின்று, சினிமாவாகத் திரும்பி வரும்வரை பத்து வருஷம் ஓடியது. மறுஒளிபரப்புகளோடு சேர்ந்து ரசிகர்களைக் கலையாமல் வைத்திருந்தவை இந்த மலிவுப் பதிப்புகள்தான்.

அதற்குள் ரசிகர்களே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ‘ஸ்பாக்கனேலியா’ என்ற ரசிகர் இதழ் 1967லேயே வந்துவிட்டது. உருட்டச்சில் அச்சடித்துத் தபாலில் அனுப்பிய ரகம். அப்படிப்பட்ட இதழ்களில் வந்த ரசிகர் கதைகளைத் தொகுத்து 1976இல் பாண்டம் நிறுவனமே ‘ஸ்டார் ட்ரெக்: தி நியூ வாயேஜஸ்’ என்று காசு போட்டு வெளியிட்டது. தொடரில் நடித்தவர்களே கதைகளுக்கு முன்னுரை எழுதினார்கள். இன்று இணையத்தில் கொட்டிக் கிடக்கும் ரசிகர் புனைவுகளுக்கு இது பெரியப்பா முறை.

பிரிட்டனில் நடந்தது இன்னும் வேடிக்கை, கொஞ்சம் சோகமும் கூட. டாக்டர் ஹூ 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலை அதிகம். பழைய நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே டேப்பில் புதியதைப் பதிவு செய்வது பி.பி.சி.யின் வழக்கம். அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எழுபதுகளின் பிற்பகுதி வரை இது நடந்தது. அப்படி அழிந்தவற்றில் சில, வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற பிலிம் பிரதிகளாகத் திரும்பக் கிடைத்தன. தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் பல பத்தாண்டுகளாகத் தேடியும் கிடைக்கவில்லை.

அந்தக் கதைகள் வாசகர்களுக்குக் கிடைத்தது புத்தகத்தால். 1964லேயே டேவிட் விட்டேகர், தொடரின் வில்லன்களான டேலெக்குகளின் கதையை நாவலாக எழுதியிருந்தார். தொடரின் தொடக்கத்தையே அதில் மாற்றினார். டி.வி.யில் பழைய இரும்புச் சாமான் கொட்டகையில் தொடங்கும் கதை, புத்தகத்தில் மூடுபனி இரவில் நடக்கும் ஒரு விபத்தில் தொடங்கும். 1973இலிருந்து டார்கெட் நிறுவனம் வரிசையாக டாக்டர் ஹூ நாவல்களை இறக்கியது. அவற்றில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை எழுதியவர் டெரன்ஸ் டிக்ஸ். தொடரிலேயே கதைத் திருத்துநராக வேலை பார்த்தவர். நீட்டி முழக்க மாட்டார். மெல்லிய புத்தகம், நேரடியான நடை, பள்ளிக்கூடப் பிள்ளை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். வீட்டில் வீடியோ இல்லாத காலத்தில், ஒருமுறை பார்க்கத் தவறிய கதையை மறுபடி அடைய வேறு வழியே கிடையாது. டிக்ஸைப் படித்துத்தான் வாசிக்கவே பழகினோம் என்று சொல்லும் எழுத்தாளர்கள் பிரிட்டனில் பலர். அவர் 2019இல் காலமானபோது அந்தத் தலைமுறையே அஞ்சலி எழுதியது.

1989இல் டாக்டர் ஹூவும் நின்றது. 1991இல் வர்ஜின் பதிப்பகம் ‘நியூ அட்வெஞ்சர்ஸ்’ என்ற வரிசையைத் தொடங்கி, புது நாவல்களை வெளியிட்டது. எழுதியவர்களில் பலர் டார்கெட் புத்தகம் படித்து வளர்ந்த ரசிகர்கள். மார்க் கேடிஸ் அதில் எழுதினார். ரஸல் டி. டேவிஸ் 1996இல் ஒரு நாவல் எழுதினார். ஒன்பது வருஷம் கழித்து, 2005இல், அதே டேவிஸ்தான் டாக்டர் ஹூவை மறுபடி தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். பால் கார்னல் 1995இல் எழுதிய ‘ஹ்யூமன் நேச்சர்’ நாவலை 2007இல் அவரே டி.வி. எபிசோடுகளாக மாற்றிக் கொடுத்தார். டி.வி.யிலிருந்து புத்தகம், புத்தகத்திலிருந்து டி.வி. என்று ஒரு முழுச் சுற்று வந்து முடிந்தது.

இந்த நாவல்களுக்கு இலக்கிய உலகில் மரியாதை குறைவு. ஒப்பந்தத்துக்கு எழுதியது, கெடுவுக்குள் முடித்தது, அடுத்தவர் படைத்த பாத்திரம் என்று ஒதுக்குவார்கள். எழுதுகிறவர்களுக்குக் கட்டுப்பாடும் அதிகம்தான். ஸ்டார் ட்ரெக்கின் கேப்டன் கிர்க்கைக் கொல்ல முடியாது, கல்யாணம் பண்ணிவைக்க முடியாது. நாவல் முடியும்போது எல்லோரும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்திருக்க வேண்டும், அடுத்த வார எபிசோடுக்கு அவர்கள் தேவை. வாடகை வீட்டில் ஆணி அடிக்காமல் குடித்தனம் பண்ணுகிற மாதிரிதான். மேக்ஸ் ஆலன் காலின்ஸும் லீ கோல்ட்பெர்கும் இப்படிப்பட்ட எழுத்தாளர்களுக்காக ஒரு சங்கமே தொடங்கி, ஆண்டுதோறும் ‘ஸ்க்ரைப்’ விருது கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். வேறு யாரும் மதிக்காவிட்டால் நாமே மதித்துக்கொள்வோம் என்ற கணக்கு.

ஆனாலும் அந்த வாடகை வீட்டுக்காரர்கள் சில சமயம் வீட்டுக்கே பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்டார் ட்ரெக்கின் சூலுவுக்கு முதற்பெயர் தொடரில் கிடையாது. 1981இல் வோண்டா மெக்இன்டயர் ‘தி என்ட்ரபி எஃபெக்ட்’ நாவலில் ஹிகாரு என்று வைத்தார். பத்து வருஷம் கழித்து, 1991இல் வந்த ஆறாவது ஸ்டார் ட்ரெக் படத்தில் அந்தப் பெயர் திரையில் ஒலித்தது. நாவல் வாசகர்கள் அன்று தியேட்டரில் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ஸ்டார் வார்ஸ் முதல் படம் ஓடாமல் போனால், குறைந்த செலவில் இரண்டாம் பாகம் எடுக்கத் தோதாக ஒரு கதை வேண்டும் என்று ஆலன் டீன் ஃபாஸ்டரை எழுதச் சொன்னார்கள். 1978இல் வந்த அந்த நாவலில் லூக்குக்கும் லேயாவுக்கும் நடுவே காதல் வாடை அடிக்கும். 1983 படத்தில் இருவரும் அண்ணன் தங்கை என்று சொல்லிவிட்டார்கள்! அதைவிடப் பெரிய அடி 2014இல் விழுந்தது. டிஸ்னி கைக்கு ஸ்டார் வார்ஸ் போன பிறகு, அதுவரை வந்த ஏராளமான நாவல்கள் அதிகாரபூர்வக் கதையில் சேராது, ‘லெஜண்ட்ஸ்’ என்ற தனிக் கணக்கில் வரும் என்று அறிவித்தார்கள். இருபது, முப்பது வருஷம் படித்துச் சேர்த்த கதை செல்லாக்காசாகிவிட்டது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். புத்தகங்களோ இன்றும் அச்சில் இருக்கின்றன, விற்கின்றன. படிக்கிறவருக்கு நிறுவனத்தின் முத்திரை அவ்வளவு முக்கியமில்லை போலிருக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருந்தார். 1956இலிருந்து இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்துக்கு ஸ்டான்லி குப்ரிக்கோடு திரைக்கதையும், கூடவே நாவலும் எழுதினார். இரண்டும் 1968இல் வந்தன. நாவலில் விண்கலம் சனிக்குப் போகும், படத்தில் வியாழனோடு நின்றுவிடும். பின்னால் ‘2010’ என்று அடுத்த நாவல் எழுதியபோது கிளார்க் தன் புத்தகத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பின்பற்றி வியாழனையே எடுத்துக்கொண்டார். தான் எழுதியதைவிட ஜனங்கள் திரையில் பார்த்தது அதிகம் நிலைத்துவிட்டது என்பதை ஒரு எழுத்தாளரே ஒப்புக்கொண்ட இடம் அது. சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று சென்னையில் மறைந்தார், கிளார்க் சரியாக மூன்று வாரம் கழித்து மார்ச் 19 அன்று கொழும்பில். பாக் நீரிணையின் இரு கரையிலும் இருந்த அறிவியல் புனைகதை வாசகர்களுக்கு அந்த வருஷம் அப்படித்தான் தொடங்கியது.

இனி தமிழுக்குத் திரும்புவோம். திரையை ஒட்டிய புத்தகம் நமக்குப் புதிது ஒன்றும் இல்லை. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களை நினைத்துப் பாருங்கள். அதில் பாட்டோடு கதைச் சுருக்கமும் இருக்கும். கதாநாயகிக்கு ஆபத்து வரும் இடம்வரை சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று வெட்டிவிடுவார்கள். கதைவசனப் புத்தகங்களும் உண்டு. ‘பராசக்தி’ வசனத்தை மனப்பாடம் செய்து மேடையேறியவர்கள் ஒரு தலைமுறை. ஆனால் பாட்டுப் புத்தகம் வாசகரைப் படத்துக்குத் துரத்தியது, வசனப் புத்தகம் படத்தைத் திருப்பிச் சொன்னது. படத்தில் இல்லாத ஒரு புது அத்தியாயத்தை, புது மூலையை யாரும் எழுதித் தரவில்லை.

ஒரே ஒரு முறை அதற்கு மிக அருகில் போனோம். 1986இல் வந்த கமல்ஹாசனின் ‘விக்ரம்’. ராஜசேகர் இயக்கம், இளையராஜா இசை. அக்னிபுத்திரன் என்ற ஏவுகணை கடத்தப்படுகிறது, அதை மீட்கப் போகிறான் ஒரு உளவாளி. கூடவே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பெண், சலாமியா என்ற கற்பனை ராஜ்ஜியம். அப்போதைய தமிழ் சினிமாவுக்கு அது வேறு கிரகத்துச் சமாசாரம். படம் தயாராகிக்கொண்டிருக்கும்போதே சுஜாதா அந்தக் கதையைக் குமுதத்தில் தொடராக எழுதினார். ஓவியருக்குப் பதிலாகப் படத்தின் ஸ்டில்கள் பக்கத்தை அலங்கரித்தன. வாசகர் கற்பனை செய்யவே தேவையில்லாமல் விக்ரமின் முகம் கமலின் முகமாகவே வந்தது. உலக வழக்கப்படி பார்த்தால் தமிழில் இதுதான் அசல் திரைச்சார்பு நாவல். படத்துக்கு முன்னோட்டம், பத்திரிகைக்கு விற்பனை, எழுத்தாளருக்குக் கேமரா நுழைய முடியாத இடத்தில் புகுந்து விளையாடும் சுதந்திரம் என்று மூன்று தரப்புக்கும் லாபமான ஏற்பாடு.

தமிழ்ப் பத்திரிகை வாசகருக்கு அதில் வித்தியாசமும் இருந்தது. அதுவரை கதாபாத்திரத்துக்கு முகம் கொடுத்தவர்கள் ஓவியர்கள். வந்தியத்தேவன் என்றால் மணியம் வரைந்த முகம். சுஜாதா கதை என்றால் பலருக்கு ஜெயராஜ் வரைந்த முகங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். நடிகரின் புகைப்படம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தபோது சிலருக்குப் பிடித்தது, சிலருக்குக் கை கட்டிப் போட்ட மாதிரி இருந்தது. ஜீனோ சீரியல் பார்த்துவிட்டு நாவல் படித்தவர்களிடமும் இதே குறை உண்டு. நிலா என்றதும் சிவரஞ்சனிதான் வருகிறார், வேறு யாரும் வர மறுக்கிறார்கள் என்பார்கள். விகடனில் முதலில் படித்தவர்களுக்கு நேர்மாறான குறை. ‘என்னோட நிலா இது இல்லை’ என்று சீரியலைப் பாதியில் விட்டவர்கள் அவர்கள்.

‘விக்ரம்’ பெற்ற அந்த ஏற்பாடு ஏன் தொடரவில்லை? முக்கியக் காரணம், பத்திரிகைத் தொடர்கதையே பலவீனமடைந்தது. தொண்ணூறுகளில் சாட்டிலைட் சேனல்கள் வந்தன. வாரக் கடைசியில் பத்திரிகைக்குக் காத்திருந்த வீடுகள் தினமும் சாயங்காலம் சீரியலுக்குக் காத்திருந்தன. கதை எழுத்தாளரிடமிருந்து சேனலுக்குப் போனது. அப்போதும் நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வரிசையில், இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ நாவல் ‘விடாது கருப்பு’ ஆனது போல, சில நல்ல காரியங்கள் நடந்தன. சீரியல் பார்த்து மிரண்டு, நாவலைத் தேடி வாங்கியவர்கள் அங்கும் இருந்தார்கள். ஆனால் திசை அதேதான். நாவல் முன்னால், திரை பின்னால். திரையில் பிறந்த கதைக்குப் புத்தகம் எழுத யாரும் முன்வரவில்லை.

அறிவியல் புனைகதையில் இது பெரிய இழப்பு. 2010 அக்டோபர் 1 அன்று வெளியான ‘எந்திரன்’ படத்தின் வசனத்தில் சுஜாதாவின் பெயரும் உண்டு. படம் பார்த்த வாசகர்களில் ஜீனோவை நினைத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. அதில் வரும் சிட்டி என்ற ரோபோ இங்கிலீஷ் உலகத்தில் பிறந்திருந்தால் இந்நேரம் அதற்குப் பத்து நாவல் வந்திருக்கும். அருங்காட்சியகத்தில் பிரித்துப் போட்ட பிறகு சிட்டி என்ன யோசித்தது என்று யாராவது முந்நூறு பக்கம் எழுதியிருப்பார்கள். இங்கே பொம்மைகூடச் சரியாக வரவில்லை.

வாசகர் இல்லை என்று பதிப்பாளர்கள் சொல்ல முடியாது. 2022 செப்டம்பரில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வந்தபோது என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். 1950இல் கல்கியில் தொடங்கிய தொடர்கதையின் ஐந்து பாகங்களையும், படம் பார்த்துவிட்டு வந்த இளைஞர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். திருச்சியிலும் சென்னையிலும் புத்தகக் கடை வாசலில் அந்த அடுக்குதான் முதலில் கண்ணில் படும். திரையில் பார்த்த ஆளை மறுபடி சந்திக்க வேண்டும், அவன் அப்புறம் என்ன ஆனான் என்று தெரிய வேண்டும் என்கிற பசி தமிழருக்கும் இருக்கிறது. கல்கி ஏற்கெனவே சமைத்து வைத்திருந்ததால் பசி தீர்ந்தது. ஓ.டி.டி.யில் நேராகப் பிறக்கிற தொடர்களுக்கு அப்படி எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

தயாரிப்பாளர்கள் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. கதை உரிமையை ஒரு பதிப்பகத்தோடு பகிர்ந்துகொண்டு, நல்ல எழுத்தாளர் ஒருவரிடம் கொடுத்தால் போதும். வேகமாக எழுதக் கூடியவர்களுக்குத் தமிழில் என்றும் குறைவில்லை. மாத நாவல் உலகமே அந்த வேகத்தில்தான் ஓடியது.

வாசகர்கள் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. திருச்சிப் பக்கத்தில் பல வீடுகளில், தொடர்கதைப் பக்கங்களைப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, பைண்டு செய்து வைக்கும் பழக்கம் இருந்தது. அட்டையில் பேனாவால் தலைப்பு எழுதி, முதல் பக்கத்தில் வீட்டுக்காரர் பெயர் போட்டு, தெருவில் நாலு பேருக்கு இரவல் போய் வரும். ஜீனோவைக் கடையில் இன்றும் வாங்கலாம். ஆனால் அது வந்த வாரத்தின் ஓவியம், ‘தொடரும்’ போட்ட இடம், ஓரத்தில் இருந்த விளம்பரம், விக்ரம் ஸ்டில்கள் அச்சான அந்தப் பக்கத்தின் அமைப்பு எல்லாம் அந்த பைண்டு வால்யூம்களில்தான் மிஞ்சியிருக்கின்றன. எ.புதூரிலோ ஸ்ரீரங்கத்திலோ பரண் சுத்தம் செய்யும்போது அப்படி ஒன்று கிடைத்தால், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னைத் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ்ப் பத்திரிகைகளையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துப் பாதுகாக்கிறது. கொடுக்க மனசில்லை என்றால் உங்கள் வீட்டு அலமாரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிற பிள்ளைகளுக்கு இரவல் கொடுங்கள், திரும்ப வாங்கவும் மறக்காதீர்கள்.